அண்ணனின் 23 இமேஜ் கோப்புகள்

அண்ணி கொடுத்த பழைய ஹார்டு டிஸ்க்கில் ‘பேக்கப்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். உள்ளே 23 இமேஜ் கோப்புகள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு முழு வட்டின் நகல். வகைவாரியாக: 11 ஐஎஸ்ஓ, 4 என்ஆர்ஜி, 4 எம்டிஎஃப், 3 ‘பின்’, 1 ஐஎம்ஜி. சிடிக்கள் கெட்டுப்போவதற்குள் நகலெடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் பல வருடங்களில், அந்தந்த நேரம் கையில் இருந்த மென்பொருளால் எடுத்து வைத்தவை. பெரும்பாலான வட்டுகளைப் பிறகு தூக்கிப் போட்டுவிட்டான். எதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே நினைவில்லை. கோப்புகளின் பெயர்களும் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’ என்கிற ரகம்தான்.

“போட்டோ வந்தா சந்தோஷம் தம்பி. அத்தை பேசினதை ரெக்கார்டு பண்ணி ஒரு சிடி போட்டிருந்தோம். அது எங்கயாவது இருந்தா எப்படியாவது எடுத்துக் குடுங்க” என்றார் அண்ணி. அத்தை என்று அவர் சொன்னது என் அம்மாவை. அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

முதல் நாள் எதையும் திறக்கவில்லை. 23 கோப்புகளையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 கூட்டுத்தொகை (கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் எண்) போட்டு ஒப்பிட்டேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன். இனி வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலின் மேல்தான். வட்டே இல்லாத இமேஜ் என்றால் அதுதான் மூலம். அதில் கைவைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் கோப்புகளைப் பிரித்தெடுக்கும் 7-ஜிப் மென்பொருளை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 11 ஐஎஸ்ஓக்களில் 10 சிக்கலில்லாமல் திறந்தன. (அப்படித் திறந்தவற்றிலும் இரண்டு என்னை ஏமாற்றின. அதைப் பிறகு சொல்கிறேன்.) எம்டிஎஃப்களில் இரண்டு 4 ஜிபிக்கு மேல் இருந்தன, அதாவது டிவிடியின் நகல்கள். டிவிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப் பெரும்பாலும் உள்ளுக்குள் சாதாரண ஐஎஸ்ஓதான். பெயரின் கடைசியை மாற்றியதும் இரண்டும் திறந்துகொண்டன. ஒன்றில் மட்டும் ஒரு சின்ன உரைக்கோப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த வட்டில் ஐஎஸ்ஓ 9660, யுடிஎஃப் என்று இரண்டு கோப்பு முறைகள் (கோப்புகளை வட்டில் அடுக்கிப் பட்டியலிடும் விதங்கள்) இருந்தன. உண்மையான சரக்கெல்லாம் யுடிஎஃப் பக்கம். ஐஎஸ்ஓ பக்கத்தில் ‘இதைப் படிக்க யுடிஎஃப் தெரிந்த சிஸ்டம் வேண்டும்’ என்று ஒரு குறிப்பு மட்டும். யுடிஎஃப் என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்ததும் (இமேஜை ஒரு டிரைவ் போல இணைத்ததும்) எல்லாம் வந்தது.

மீதி 11 கோப்புகள் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் ‘என்ஆர்ஜியை ஐஎஸ்ஓவாக மாற்றும் மென்பொருள்’ என்று தேடிப்போய், ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாக எதையெதையோ நிறுவிக்கொள்கிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை ஒரு ஹெக்ஸ் எடிட்டரை (கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் கருவி) திறந்து கோப்புக்குள் நேராகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பத்து நாள் வேலையில் எனக்கு அதிகம் உதவியது அந்த முடிவுதான்.

தரவு சிடி ஒன்றை எந்த மென்பொருளில் நகலெடுத்தாலும் அடியில் இருப்பது 2048 பைட் துண்டுகளின் வரிசை. ஒரு துண்டு ஒரு செக்டார். ஐஎஸ்ஓ கோப்பு என்றால் இந்தத் துண்டுகள் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து இருக்கும். மற்ற வகைகள் இதே துண்டுகளுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு எதையாவது சேர்த்திருக்கும். ஆகவே இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும்: முதல் துண்டு எங்கே தொடங்குகிறது, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்.

விடையைக் காட்டிக்கொடுக்க ஓர் அடையாளம் உண்டு. ஐஎஸ்ஓ 9660 முறையில் முதல் 16 செக்டார்கள் ஒதுக்கப்பட்டவை. அடுத்த செக்டாரில் வட்டின் விவரப் பலகை. அதன் முதல் பைட் 1, அதை அடுத்து ரோமன் எழுத்தில் ‘சிடி001’. ஹெக்ஸ் எடிட்டரில் 43 44 30 30 31 என்று தேட வேண்டும். சுத்தமான ஐஎஸ்ஓவில் இந்த ஐந்து பைட் 32,769 என்ற இடத்தில் நிற்கும்: 16 பெருக்கல் 2048, அதோடு ஒன்று. வேறு இடத்தில் நின்றால், எந்த இடம் என்பதே கோப்பின் கட்டமைப்பைச் சொல்லிவிடும். 37,649 என்றால் ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட், தரவு அதற்குள் 16 பைட் தள்ளித் தொடங்குகிறது. 37,657 என்றால் அதே 2352, ஆனால் 24 பைட் தள்ளி. 39,185 என்றால் செக்டார் 2448 பைட். 3,39,969 என்றால் முன்னால் 3,07,200 பைட் சும்மா நிற்கிறது. இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டிருந்த 11-இல் எட்டுக்கு அரை மணி நேரத்தில் விடை தெரிந்தது.

திறக்காத அந்த ஒற்றை ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்கிறேன். அளவு 79,59,56,784 பைட். இதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டார்; 2048-ஆல் பெருக்கினால் 73,72,80,000 பைட். சிடியிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓ அதைத் தாண்டிப் போகிறது என்றால், செக்டாரின் தரவோடு மற்றதும் சேர்ந்து வந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 2352-ஆல் வகுத்தேன்: மீதியில்லாமல் 3,38,417. அடையாளமும் 37,649-இல் நின்றது. அண்ணன் ‘பின்’ வகைக் கோப்பு ஒன்றுக்கு ஐஎஸ்ஓ என்று பெயர் வைத்திருக்கிறான்.

அந்த 2352 பைட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலில் 12 பைட் ஒத்திசைவுக் குறி: ஒரு 00, பத்து எஃப்எஃப், மறுபடி ஒரு 00. அடுத்து 4 பைட் முகவரி: நிமிடம், நொடி, ஃபிரேம், நான்காவதாக மோடு எண். அதன்பின் நமக்கு வேண்டிய 2048. அதற்குப் பிறகு 4 பைட் பிழை கண்டறியும் எண், 8 பைட் வெற்றிடம், 276 பைட் பிழைதிருத்தக் குறியீடு. மோடு எண் 2 என்றால் முகவரியை அடுத்து இன்னும் 8 பைட் வரும். 16-க்குப் பதில் 24 ஆவது அதனால்தான்.

பைத்தானில் எட்டு வரி எழுதினேன். கோப்பிலிருந்து 2352 பைட் படி. முதல் 16-ஐ விடு. அடுத்த 2048-ஐப் புதிய கோப்பில் எழுது. தீரும் வரை திரும்பச் செய். ஒவ்வொரு செக்டாரும் ஒத்திசைவுக் குறியோடுதான் தொடங்குகிறதா என்று சுற்றுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தேன். இல்லையென்றால் நின்றுவிட வேண்டும். இடையில் ஒரு பைட் தவறியிருந்தாலும் அதன்பின் வருவது எல்லாம் குப்பையாகிவிடும் என்பதால் இந்தச் சோதனையை விடக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் 69,30,78,016 பைட்டில் ஐஎஸ்ஓ ஒன்று வந்தது. 7-ஜிப்பில் திறந்தால் அண்ணன் கல்லூரிக் காலத்துப் படங்கள். 2352 பைட் மூலத்தை அழிக்கவில்லை. வெட்டி எறிந்த பிழை கண்டறியும் எண்கள் அதில்தான் இருக்கின்றன. எந்தச் செக்டாராவது கெட்டிருந்தால் பிறகு சொல்லக்கூடியது அது மட்டுமே.

ஐஎம்ஜியும் இதே கதைதான், அதே எட்டு வரியில் முடிந்தது. இரண்டு பின் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே கியூ கோப்புகள் இருந்தன. எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, என்ன வகை என்று சொல்லும் கியூ வெறும் உரை, நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். முதல் டிராக் மோடு 1, 2352 என்று அதில் எழுதியிருந்தது. பிசங்க் என்ற சிறு கருவியிடம் பின்னையும் கியூவையும் கொடுத்தால் ஐஎஸ்ஓவைப் பிரித்துத் தருகிறது.

என்ஆர்ஜியில் கொஞ்சம் தடுமாறினேன். முதல் கோப்பில் அடையாளம் 3,39,969-இல் நின்றது. அந்த 3,07,200 என்பது 150 செக்டார், வட்டில் முதல் டிராக்குக்கு முன்னால் வரும் 2 நொடி இடைவெளி. கோப்பைப் பைட் கணக்கில் நகலெடுக்கும் டிடி கட்டளையில் முதல் 300 கேபியைத் தாண்டச் சொன்னதும் ஐஎஸ்ஓ கிடைத்துவிட்டது. அதே வேகத்தில் மற்ற மூன்றுக்கும் 300 கேபி தாண்டச் சொன்னேன். இரண்டு சரியாக வந்தன, ஒன்று திறக்கவில்லை. அடையாளத்தைத் தேடாமல் வெட்டியதன் பலன். தேடிப் பார்த்தால் அந்தக் கோப்பில் அது 32,769-இலேயே இருந்தது, முன்னால் இடைவெளியே இல்லை. என்ஆர்ஜி தன் விவரங்களைத் தலையில் வைப்பதில்லை, வாலில் வைக்கிறது. புதிய வகையில் கடைசி 12 பைட்டைப் பார்த்தால் ‘என்இஆர்5’ என்று நான்கு எழுத்து, அதை அடுத்து 8 பைட்டில் ஓர் இடத்தின் எண். அந்த இடத்துக்குப் போனால் டிராக் எங்கே தொடங்குகிறது என்பது வரை எழுதியிருக்கும். ஒற்றைத் தரவு டிராக் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பெயரை மட்டும் மாற்றினேன், திறந்தது. வாலில் தொங்கும் விவரங்கள் ஐஎஸ்ஓவுக்கு இடைஞ்சல் செய்வதில்லை.

மீதி இரண்டு எம்டிஎஃப்பும் சிடியிலிருந்து வந்தவை. கட்டமைப்பைச் சொல்ல, கூட வர வேண்டிய எம்டிஎஸ் கோப்பு இல்லை. ஒன்று 2352, இன்னொன்று 2448. அந்த இரண்டாவதில் ஒவ்வொரு செக்டாருக்குப் பின்னாலும் 96 பைட் துணைச்சேனல் (தரவோடு சேராத கூடுதல் விவரம்) ஒட்டிக்கொண்டிருந்தது. நிரலில் படிக்கும் அளவை மாற்றியதோடு சரி.

இதுவரை சொன்னது கணக்கு. அடுத்தது மூன்றாவது பின் கோப்பு.

அதற்குக் கியூ இல்லை. அளவு 43,54,09,296 பைட். 2352-ஆல் வகுத்தால் சரியாக 1,85,123. ஆனால் 43 44 30 30 31 என்று தேடினால் எங்கேயும் இல்லை. தொடக்கத்தில் ஒத்திசைவுக் குறியும் இல்லை, வரிசையாகச் சுழியங்கள். கோப்பு முறையே இல்லாத வட்டு என்றால் அது ஆடியோ சிடியாகத்தான் இருக்க வேண்டும். ஆடியோ சிடியில் கோப்புகள் கிடையாது. ஒலி அலையின் எண்கள் மட்டுமே தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஒரு நொடிக்கு 75 செக்டார். 1,85,123-ஐ 75-ஆல் வகுத்தால் 41 நிமிடம் 8 நொடி, கொஞ்சம் மேல். அண்ணி சொன்ன வட்டாக இருக்குமோ என்று அப்போதே மனம் அடித்துக்கொண்டது.

ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் கச்சாத் தரவாக இறக்குமதி செய்யும் வசதி உண்டு. 16 பிட், குறியுள்ள எண், இரண்டு சேனல், 44,100 ஹெர்ட்ஸ், லிட்டில் எண்டியன் (எண்ணின் இரண்டு பைட்டில் சிறிய மதிப்புள்ளது முதலில்) என்று கொடுத்தேன். பின் கோப்புகளில் வழக்கமாக இருப்பது அந்த வரிசைதான். அலையின் படம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இயக்கினால் காதைக் கிழிக்கும் இரைச்சல். (ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். ஒலியளவைக் குறைத்துவிட்டு இயக்குங்கள்.) கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அன்று மாலை முழுவதும் டிஸ்க்கில் அதற்கு வேறு நகல் இருக்கிறதா என்று தேடினேன். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை படத்தை மறுபடி பார்த்தபோது ஒன்று உறைத்தது. இரைச்சல் முழுவதும் சீராக இல்லை. தொடக்கத்திலும் நடுவில் நான்கைந்து இடங்களிலும் நேர்க்கோடாக முழு அமைதி. கெட்டுப்போன கோப்பு இத்தனை ஒழுங்காக இருக்குமா? ஒலி அலையின் ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட். அந்த இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் சின்ன எண் பெரிய எண்ணாகிவிடும், மெல்லிய ஒலி இரைச்சலாகும். ஆனால் இரண்டும் சுழியம் என்றால் எப்படிப் படித்தாலும் சுழியம்தான். நான் பார்த்த அமைதி அந்தச் சுழியங்கள். சிடிஆர்டிஏஓ போன்ற சில கருவிகள் ஆடியோவைத் தலைகீழ் பைட் வரிசையில் எழுதும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி இறக்குமதி செய்தேன். எல்லாம் அதே, பிக் எண்டியன் மட்டும் வேறு.

“ரெக்கார்டு ஆகுதாடா?” என்று அம்மா கேட்பதுதான் முதல் வாக்கியம்.

41 நிமிடத்தையும் அசையாமல் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனேன். பேரப் பிள்ளைகளுக்கு ஐந்து கதைகள் சொல்லியிருக்கிறார். கதைகளைத் தனித்தனியாகப் பிரிக்கக் கியூ கோப்பை நானே கையால் எழுதினேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. கியூவில் நேரம் நிமிடம், நொடி, ஃபிரேம் என்று எழுதப்படும். கடைசி எண் நூறில் பங்கு இல்லை, 75-இல் பங்கு. இரண்டாவது கதை 3 நிமிடம் 12.40 நொடியில் தொடங்குகிறது. அதை 03:12:40 என்று எழுதினால் தவறு. 0.40-ஐ 75-ஆல் பெருக்கினால் 30. எழுத வேண்டியது 03:12:30. முதலில் நான் தவறாகத்தான் எழுதினேன். “ஒரு ஊர்ல” என்பதில் முதல் எழுத்து விழுந்துவிட்டது. பைட் கணக்கில் பார்த்தால் அந்த இடம் 14,430-ஆவது செக்டார், அதாவது 3,39,39,360-ஆவது பைட். வெட்டுவதை எப்போதும் செக்டார் எல்லையில் செய்தால் இரண்டு பைட்டுக்கு நடுவில் கத்தி விழுகிற ஆபத்து இல்லை. பைட் வரிசை தலைகீழ் என்பதைக் கியூவிலும் சொல்ல வேண்டும்: கோப்பு வரியின் முடிவில் ‘பைனரி’ என்பதற்குப் பதில் ‘மோட்டோரோலா’ என்று எழுதினால் பிக் எண்டியன் என்று பொருள். ஐந்து கதைகளையும் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சேமித்தேன்.

இனி என்னை ஏமாற்றிய இரண்டு ஐஎஸ்ஓக்கள்.

‘கடைசி’ என்ற கோப்பு இரண்டாம் நாளே சிக்கலில்லாமல் திறந்திருந்தது. மூன்று ஃபோல்டர்கள், படங்கள், எல்லாவற்றையும் பிரித்தெடுத்து ‘முடிந்தது’ என்று குறித்தும் வைத்திருந்தேன். வார இறுதியில் கணக்குப் பார்க்கும்போது இடித்தது. வெளியே வந்த படங்கள் மொத்தம் 28 கோடி பைட் சொச்சம். இமேஜின் அளவோ 60 கோடிக்கு மேல். மீதி எங்கே?

ஹெக்ஸ் எடிட்டரில் ‘சிடி001’-ஐ முதலோடு நிறுத்தாமல் கடைசி வரை தேடினேன். 32,40,34,561 என்ற இடத்தில் இன்னொன்று. அதற்கு முந்தைய பைட் 1, ஆகவே அதுவும் ஒரு முதன்மை விவரப் பலகை. (ஒரு வட்டுக்குள் இன்னொரு ஐஎஸ்ஓவைச் சேமித்திருந்தாலும் இப்படித் தெரியும் என்பதால் பலகைக்குள் இருக்கும் தேதியையும் பார்த்தேன். பலகையின் தொடக்கத்திலிருந்து 813 பைட் தள்ளி, உருவான வருடம், மாதம், நாள், நேரம் எல்லாம் வெறும் இலக்கங்களாக இருக்கும். முதல் பலகைக்கு நான்கு மாதம் கழித்த தேதி.) அண்ணன் அந்த சிடியை ஒரே தடவையில் எழுதவில்லை. பாதி எழுதி, மூடாமல் வைத்திருந்து, பிறகு மீதியை எழுதியிருக்கிறான். இரண்டு அமர்வுகள். வட்டு நிஜமாக டிரைவில் இருந்தால் கடைசி அமர்வு எங்கே என்று டிரைவே சொல்லிவிடும். இமேஜுக்கு அந்த நினைவு இல்லை. 7-ஜிப் 16-ஆவது செக்டாரைப் பார்த்தது, அங்கே முழுமையான ஒரு பட்டியல் இருந்தது, அதோடு நிறுத்திக்கொண்டது. அது பொய் சொல்லவில்லை. நான்தான் கோப்பின் அளவைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன்.

கண்டுபிடித்த இடத்திலிருந்து ஒன்றைக் கழித்து 2048-ஆல் வகுத்தால் 1,58,220. அதிலிருந்து 16-ஐக் கழித்தால் 1,58,204. இரண்டாவது அமர்வு தொடங்கும் செக்டார் இதுதான். லினக்ஸில் ஐஎஸ்ஓ 9660-ஐ மவுண்ட் செய்யும்போது ‘எஸ்பிசெக்டார்’ என்ற விருப்பத்தில் இந்த எண்ணைக் கொடுத்தேன், படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு. ஏழு ஃபோல்டர்கள் வந்தன. விண்டோஸில் இருப்பவர்களுக்கு ஐஎஸ்ஓபஸ்டர் இதே அமர்வுகளைத் தனித்தனியாகக் காட்டும்.

முதல் அமர்வுக்கும் இரண்டாவதற்கும் நடுவே வட்டில் 11,400 செக்டார் இடைவெளி விடப்படும், ஏறக்குறைய 22 எம்பி. இந்த இமேஜில் அந்த இடம் சுழியங்களால் நிரம்பியிருந்தது. நகலெடுத்த மென்பொருள் அதைச் சுருக்கித் தள்ளியிருந்தால் இரண்டாவது அமர்வின் பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளும் பிசகியிருக்கும். அந்த வகையில் எனக்கு நல்ல நேரம். இரண்டாவது பட்டியல் முதல் அமர்வின் கோப்புகளையும் சுட்டிக்காட்டும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. முதலில் பார்த்த மூன்று ஃபோல்டர்களில் ஒன்று இரண்டாவது பட்டியலில் இல்லை. இரண்டாம் முறை எழுதும்போது அண்ணன் அதை ‘அழித்திருக்கிறான்’. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வட்டில் அழிப்பது என்றால் பட்டியலில் சேர்க்காமல் விடுவது, அவ்வளவுதான். ஆகவே இரண்டு அமர்வுகளையும் பிரித்தெடுத்து வைத்தேன்.

இதன் பிறகு திறந்த எல்லா இமேஜையும் மறுபடி கணக்குப் போட்டேன். விவரப் பலகையில் 80-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட், வட்டில் மொத்தம் எத்தனை செக்டார் என்று சொல்லும். அதை 2048-ஆல் பெருக்கிக் கோப்பின் அளவோடு ஒப்பிட வேண்டும். கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவலையில்லை, கடைசியில் நிரப்பல் இருக்கலாம். சிறிதாக இருந்தால் கவனிக்க வேண்டும். ‘புதுசு2’ அப்படி மாட்டியது. பலகை 3,41,902 செக்டார் என்றது. கோப்பில் இருந்ததோ 2,97,000 சொச்சம். எப்போதோ நகலெடுக்கும்போது பாதியில் நின்றிருக்கிறது. கோப்புப் பட்டியல் வட்டின் முன்பகுதியில் இருப்பதால் 7-ஜிப் எல்லாப் பெயர்களையும் காட்டியது, பிரித்தெடுக்கும்போது கடைசிப் படங்களில் மட்டும் பிழை சொன்னது. இரண்டாம் நாள் அவசரத்தில் அந்தப் பிழை வரிகளை நான் படிக்கவே இல்லை.

ஐஎஸ்ஓவில் ஒரு கோப்பு சிதறாமல் ஒரே தொடராக எழுதப்படும். பட்டியலில் அதன் தொடக்கச் செக்டாரும் அளவும் இருக்கும். ஆகவே எது முழுதாக இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். 57 படங்கள் வெட்டுக்கு அப்பால் போய்விட்டன. ஒரு படம் சரியாக வெட்டின் மேல் நிற்கிறது. அதன் மேல்பாதி தெரிகிறது: அண்ணியும் அம்மாவும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

அந்த 57-இன் பெயர்களையும் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். எல்லா சிடிக்களையும் தூக்கிப் போடவில்லை, ஓர் உறையில் நான்கைந்து இருக்கலாம், தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். கிடைத்தால் டிரைவில் போட்டதும் சாதாரணமாக நகலெடுக்கப் பார்க்காதே, கெட்ட வட்டிலிருந்து முடிந்தவரை மீட்கும் டிடிரெஸ்க்யூவை வைத்து எடுக்கலாம், வட்டைத் துடைக்கக்கூட வேண்டாம், அப்படியே கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

ஐந்து கதைகளை நேற்று அண்ணியிடம் கொடுத்தேன்.